பத்தொன்பதில் ஒருத்தி

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே வீட்டில் இருக்கும் மூன்று பேரில் இரண்டு பேர் நலம். உன் அப்பாவைக் கேட்டால் அறுபத்தாறு புள்ளி ஆறு ஏழு சதவீதம் நலம் என்பார், கூடவே ஒரு வட்டம் வரைந்து பச்சைக் கலர் அடித்தும் காட்டுவார். நலமில்லாத அந்த மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால், நல்லா இருக்கேம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய். அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வருகிறது என்று நானும் காலண்டரைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் காகிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது பார். ஆபீசில் எனக்கு அடுத்த ஜன்னலில் கட்டணம் வாங்குகிறவளின் மருமகள் நாளைக்கு நீ இருக்கும் ஊருக்குப் பறக்கிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நின்றுகொண்டே மேய்ந்துவிட்டு வைத்துவிடாதே. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி, உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ஆள் வேறு யார், சின்னவன்தான். காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதே. சாப்பிடுகிறான், ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறான். அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. போன வருடம் அப்பா சொன்னார் என்பதற்காகக் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து, ஒரே மாதத்தில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றது உனக்குத் தெரியும். அவன் சின்ன வயதிலிருந்து கேட்டது கருவிப் பொறியியல், அதாவது அளக்கிற சாமான்களைச் செய்கிற, சரி பார்க்கிற படிப்பு. அது நம் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் முப்பதே இடம். இந்த ஒரு வருடமாகத் தராசு ரிப்பேர் கடையில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டான். வீட்டு எடை மெஷினையும் கழற்றி மாட்டினான். இப்போது அது என்னை மூன்று கிலோ குறைத்துக் காட்டுகிறது, அதை மட்டும் சரி செய்துவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு தடவை மனுப் போட மாட்டானாம். சிநேகிதன் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டாம், நீ கண்ணாடியில் பார்த்துக்கொள்.

இனி உன் அப்பாவின் திருவிளையாடலுக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம் என்று பெயர்தானே தவிர, அவர் இருப்பது வேறு உலகம். அவர் மூன்றாம் மாடியில் புள்ளியியல் பிரிவுக்குத் தலைவர். நான் தரைத்தளத்தில் சேர்க்கைப் பிரிவின் விசாரணை ஜன்னல். அவரிடம் பிள்ளைகள் வட்டமாகவும் கட்டமாகவும் வருவார்கள், என்னிடம் வியர்த்து விறுவிறுத்து அப்பா அம்மாவோடு வருவார்கள். ஆபீசில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய புள்ளி என்பதன் சுருக்கம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், நானும் கெடுக்கவில்லை.

போன வருடக் கடைசியில் புதுத் துணைவேந்தர் வந்தார். வந்ததும் வராததுமாக ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய், அங்கே ஞானம் பெற்றுத் திரும்பினார். ஒரு பல்கலைக்கழகம் எவ்வளவு நல்லது என்பது அது எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறது என்பதில் இல்லையாம், எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது என்பதில் இருக்கிறதாம். நம் இடத்துக்கோ, போட்டால் கிடைக்கும் என்று ஊரெல்லாம் பெயர். இரண்டு பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்குக் கிடைத்துவிடும், அது மகா கேவலமாம். அரசாங்கப் பணத்தில் நடக்கிற இடம், வருகிற பிள்ளைக்கெல்லாம் இடம் கொடுத்தால் சந்தோஷம்தானே என்று நான் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கணக்கில் பெயிலான பிள்ளையைக் கூட வாத்தியார் அப்படிப் பார்க்க மாட்டார். பிறகென்ன, விண்ணப்பக் கட்டணம் போயிற்று. வயது வரம்பு போயிற்று, அதற்கு வாழ்நாள் கல்வி என்று பெயர் சூட்டினார்கள். ஊழியர் ஒவ்வொருவரும் குறைந்தது பத்து ஆர்வலரைத் திரட்டி வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நான் ஒருவரைக் கூடத் திரட்டவில்லை, எனக்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது, அதில் நேற்று பென்சில் சீவினேன். உன் அப்பா நாற்பது பேரைத் திரட்டினார்.

அந்த நாற்பதைச் சொன்னால் நீ சிரிப்பாய். முடி வெட்டுகிறவர், ஜிம்மில் கனம் தூக்கச் சொல்லிக் கொடுக்கிறவர், மாடியில் குடியிருக்கும் வக்கீலம்மா, மின்சார ஆபீசில் ஓய்வு பெற்ற உன் பெரியப்பா என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்துக் கருவிப் பொறியியலுக்கு மனுப் போட வைத்தார். ஏன் குறிப்பாக அந்தப் பிரிவு என்றால், அதற்குத்தான் ஆள் குறைவாம், அந்த ஒரு பிரிவு மொத்தப் படத்தையும் அசிங்கப்படுத்துகிறதாம். பல் டாக்டரிடம் பல்லைக் காட்டப் போனவர் பல்லைக் காட்டுவதற்கு முன்னால் செல்போனைக் காட்டி மனுவை நிரப்ப வைத்துவிட்டார். யாராவது, எதுக்கு சார் என்று கேட்டால், சும்மா போடுங்க, எப்படியும் கிடைக்காது என்று தைரியம் சொன்னாராம். உலகத்திலேயே கிடைக்காது என்று சொல்லி ஆள் பிடித்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். மற்ற ஊழியர்களும் தங்கள் பங்குக்குச் சித்தப்பா, சம்பந்தி என்று ஊரையே கூட்டி வந்தார்கள். கடைசித் தேதி வருவதற்கு முன்பே கணக்குப் போட்டால் ஒரு இடத்துக்குப் பத்தொன்பது பேர். வாசல் கேட்டுக்கு மேலே ஒரு போர்டு மாட்டினார்கள், பத்தொன்பது பேரில் ஒருவருக்கே இடம் என்று. அன்றைக்கு மூன்றாம் மாடியில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது, நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் போர்டைக் கேக் சாப்பிட்டவர்கள் யாரும் கேட்டுக்கு வெளியே நின்று படிக்கவில்லை. நான் படித்தேன். என் ஜன்னலிலிருந்து கேட் நேராகத் தெரியும். ஒருநாள் ஒரு பெயிண்டர், சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் போர்டை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அவர் தலையாட்டினார், திரும்பிவிட்டார்கள். நான் ஜன்னலை விட்டு எழுந்து ஓடி, பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். என் முட்டிக்கு அது ஓடுகிற வயசா சொல். அந்தப் பெண்ணிடம், பத்தொன்பதுல பதினஞ்சு பேரு எங்க சொந்தக்காரங்கம்மா, நீ வந்து போடு என்றேன். இதை உன் அப்பாவிடம் சொன்னபோது, அலுவலக ரகசியத்தை வெளியே சொல்லிட்டியா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் சிவில் பிரிவில் சேர்ந்திருக்கிறாள், வழியில் பார்த்தால் சிரிக்கிறாள். நான் அழைத்து வந்தது அவள் ஒருத்தி. எனக்குத் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் போட்டுச் சொல்லுங்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன், வராதவர்களைப் பற்றித் தரவு இல்லை என்றார்.

சரி, சின்னவன் கதைக்கு வருகிறேன். அவனும் அதே பிரிவுக்குத்தானே போட்டிருந்தான். அவன் மார்க்கை வைத்து அப்பா ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு, எண்பத்தேழு சதவீதம் வாய்ப்பு, நிம்மதியாத் தூங்குடா என்று சொன்னார். அவனும் தூங்கினான். அவர் கணக்குப் போட்டது போன வருடப் புள்ளிவிவரத்தை வைத்து. இந்த வருடம் தன் கையாலேயே கொண்டு வந்து சேர்த்த நாற்பது பேர் அந்தக் கணக்கில் இல்லை. ஊரார் தலையை எண்ணிச் சம்பளம் வாங்குகிற மனுஷன் தன் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கேட்டால், அவங்கல்லாம் சும்மா பேருக்குத்தானே, மார்க் வராதுன்னு நினைச்சேன் என்கிறார். முடி வெட்டுகிறவருக்கும் ஜிம் மாஸ்டருக்கும் வரவில்லைதான், வருந்துகிறோம் என்று கடிதம் போயிற்று. அதில் முடி வெட்டுகிறவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. இப்போதெல்லாம் அப்பாவுக்கு ஷேவ் பண்ணும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை. கழுத்தில் கத்தி வைத்திருக்கிறவர் பேசாமல் இருந்தால் நல்லதில்லை, இனி வீட்டிலேயே ஷேவ் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பல் டாக்டருக்கும் வக்கீலுக்கும் மார்க் இல்லாமலா இருக்கும்? பெரியப்பா விஷயம் இன்னும் விசேஷம். அவர் காலத்தில் மொத்தம் அறுநூறு, அவர் வாங்கியது ஐநூற்று இருபது. கம்ப்யூட்டருக்கு ஐநூறுதான் மொத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அதுவும் பாவம் வகுத்துப் பார்த்து நூற்று நான்கு சதவீதம் என்று போட்டது. உன் பெரியப்பா தரவரிசையில் முதலிடம். மூன்றாம் மாடியில் ஒருவர் கூட இது எப்படி என்று கேட்கவில்லை, சேர்க்கை சராசரி உயர்ந்துவிட்டது என்று துணைவேந்தருக்குக் குறிப்பு அனுப்பினார்கள்.

பட்டியல் ஒட்டிய அன்றைக்குச் சின்னவன் காலையிலேயே போய் நின்றான். முப்பது பேருக்கு இடம், அதற்குக் கீழே காத்திருப்போர் வரிசை. அதில் இவன் நான்காவது. மேலே உள்ள முப்பதில் அப்பாவின் பையிலிருந்து போன ஆட்கள் சரியாக நான்கு பேர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள், நம் வீட்டில் விண்ணப்பக் கட்டணம் கூட இல்லாமல் வைத்துக்கொண்டோம். இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. இடம் கொடுத்தால் எல்லோரும் சேர வேண்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது, அந்த விகிதமும் நூறாக இருக்க வேண்டும் என்று துணைவேந்தர் கேட்டாராம். உடனே உன் அப்பா தன் கையாலேயே ஒரு விதி எழுதிக் கொடுத்திருக்கிறார். இடம் பெற்றவர் தன் மெயிலுக்கு வரும் எண்ணைப் போட்டு, வேண்டாம் என்று தானே அழுத்த வேண்டும். தேதிக்குள் எதுவுமே அழுத்தாவிட்டால் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. மௌனம் சம்மதம் என்பதைப் பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பொறியியல் சேர்க்கைக்கு அதைக் கொண்டு வந்தது உன் அப்பாதான். ஆக, அந்த நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், சின்னவன் பெட்டி எண்ணப் போய்விடுவான்.

அப்புறம் நான் புறப்பட்டேன். முதலில் பல் டாக்டர். எனக்கும் கடைவாயில் ஒரு பல் வலி இருந்தது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று போனேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பஞ்சை வைத்துவிட்டு, ஆமா, ஏதோ காலேஜ்ல சேரச் சொல்லி மெயில் வந்துகிட்டே இருக்கே, அது என்னம்மா என்று கேட்கிறார். பஞ்சுக்கு மேலே என்ன பேசுவது, கையாலேயே ஜாடை காட்டினேன். புரிந்துகொண்டு நல்ல மனுஷன் அங்கேயே அழுத்திவிட்டார், கையோடு என் பல்லுக்கு ஒரு தொப்பியும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வக்கீலம்மா சுலபமாக விடவில்லை. விதி முழுவதையும் கண்ணாடி போட்டுப் படித்து, இது கோர்ட்ல நிக்காது, மௌனத்த வச்சு ஒருத்தர மாணவராக்க முடியாது என்றார். நிற்காதுதான், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் சின்னவன் பேரன் எடுத்துவிடுவான் என்றேன். அப்பாவின் ஸ்கூட்டரை அவர் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு அழுத்தினார். படித்தவர்கள் எதையும் சும்மா செய்ய மாட்டார்கள்.

பெரியப்பாதான் கஷ்டம். நான் போனபோது புதுப் பை வாங்கி, அதில் ஜியாமெட்ரி பாக்ஸ் போட்டு வைத்திருக்கிறார். காலையில் கூட நடக்கிற சிநேகிதர்கள் அத்தனை பேரிடமும் முதலிடம் வாங்கியதைச் சொல்லியாயிற்று, அவர்கள் மாலை வேறு போட்டுவிட்டார்களாம். பெரியம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, நீயாவது சொல்லு என்கிறாள். நான் மெதுவாகச் சொன்னேன். நூத்தி நாலு பெர்சன்ட் வாங்கினவன வேண்டாம்னு சொல்லச் சொல்றியா, இந்த உலகத்துல எவனாவது வாங்கிருக்கானா என்று சத்தம் போட்டார். உங்களுக்கு அடுத்து நம்ம சின்னவன்தான் நிக்கிறான் என்றேன். பையைக் கீழே வைத்தார். இத மொத வார்த்தையாச் சொல்லக் கூடாதா, இவ்வளவு நேரம் என்னப் பேச விட்டியே என்று என்னைத்தான் திட்டினார். உடனே அழுத்தினார். பையை மட்டும் சின்னவனுக்குக் கொடுக்க மாட்டாராம், அதில் மாத்திரை வைத்துக்கொள்ளப் போகிறாராம். தரவரிசைப் பட்டியலின் முதல் பக்கத்தை அப்பாவை விட்டுக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். போகட்டும், அந்த ஒரு புள்ளிவிவரத்தால் ஒரு மனுஷனுக்காவது சந்தோஷம்.

மூன்று பேர் போயிற்று. சின்னவன் இப்போது காத்திருப்போரில் முதல் ஆள். மற்ற இருபத்தாறு பேரும் சேர்ந்துவிட்டார்கள், பாவம் நிஜமான பிள்ளைகள், அவர்களில் யாரும் விலகப் போவதில்லை. மிச்சம் அந்த நான்காவது ஆள். அது யார் என்று கேட்க மாட்டாயா? நீதான்.

ஆமாம், நீதான். பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய மார்க் பீரோவில் சும்மா தூங்குகிறதே என்று உன் அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. சராசரி உயருமாம். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னிடம் மூச்சு விடவில்லை. எடுத்து நிரப்பி அனுப்பிவிட்டார். அதிலும் போலி மனுவில் நிஜமான மெயில் முகவரியைப் போட்டவர் இந்தப் பூமியில் உன் அப்பா ஒருவர்தான். தானே திறக்கிற மாதிரி ஒரு பொய் முகவரியைப் போட்டிருந்தால் இன்றைக்கு நாங்களே அழுத்தி முடித்திருப்போம். பொய் சொல்லும்போது கூட நேர்மை, என்ன செய்வது, அப்படி ஒரு பிறவி. கடைசியில் வெட்கத்தை விட்டுச் சேர்க்கை அதிகாரியிடம் போய், அது என் பொண்ணு சார், தூரத்துல வேலைல இருக்கா, அவ வர மாட்டா, நீக்கிடுங்க என்று கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி, விதி நீங்க எழுதினதுதானே சார், அவங்களேதான் அழுத்தணும் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுங்கள் என்று கோபத்தில் நானும் சொன்னேன். உடைத்தால் பட்டியலே ரத்தாகும், அந்த இருபத்தாறு பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கும் என்றார். அதுவும் நியாயம்தான். உன் மெயிலில் இருபது நாளாக அந்தக் கடிதம் கிடக்கிறது. அப்பா வாராவாரம் பல்கலைக்கழக அறிக்கையை உனக்கு அனுப்பிக் கழுத்தை அறுத்ததில், அங்கிருந்து வருவதையெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி நீ வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். உன் மேல் தப்பே சொல்ல மாட்டேன், முடிந்தால் நானும் வைத்திருப்பேன். அந்தக் குப்பையைத்தான் கிளற வேண்டும்.

இவ்வளவையும் போனில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்ல வந்தது இதோடு முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன். பட்டியல் பார்த்த அன்றைக்குச் சின்னவன் வீட்டுக்கு எப்படி வந்தான் என்று உனக்குத் தெரிய வேண்டும். தன் பெயர் கீழே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு வருவான் என்று நான் தண்ணீர் சொம்போடு நின்றேன். அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல், ஏம்மா, அக்கா இங்கயே வந்து படிக்கப் போறாளா, எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல என்று கேட்டான். பெரியப்பா பெயரைப் பார்த்தபோது வேறு யாரோ என்று நினைத்திருக்கிறான், உன் பெயரை அப்படி நினைக்க அவனால் முடியவில்லை. எனக்கே ஒன்றும் தெரியாது, நான் முழித்தேன். அந்த முழியைப் பார்த்து, சரி சரி, ரகசியமா வச்சிருக்கீங்க என்று அவனே முடிவு கட்டிவிட்டான். நேராக உன் அறைக்குப் போனான். ஒரு வருடமாக அதைத்தான் அவன் பட்டறையாக வைத்திருந்தான். தராசு, மீட்டர், கம்பி, திருப்புளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்து மூலையில் கொண்டு வந்து அடுக்கினான். மேஜையைத் துடைத்தான். மெத்தையை வெயிலில் போட்டான். உன் ஜன்னல் கொக்கி உடைந்து கிடந்ததே, மூன்று வருடமாக நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன், அதையும் மாட்டினான். நடுவில் வந்து, அக்காவுக்கு இன்னும் ரெண்டு தலைகாணி வேணும்ல என்று என்னைக் கேட்டான். தனக்கு இடம் இல்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் உன் அப்பா வந்து அந்த அறை வாசலில் நின்றார். அவனிடம் அப்போதுதான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் விதி, விகிதம், சராசரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சின்னவன் தலைகாணி உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில், அப்ப அவ வரலியா என்று மட்டும் கேட்டான். வரலப்பா என்றார் இவர். அன்றிலிருந்துதான் மாடிப்படியில் சாப்பாடு. அப்பா தினமும் அந்தப் படியில் இரண்டு படி கீழே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார், அவரும் பேசுவதில்லை. நூற்றுக்கு நூறு என்று வாயில் வருவதே இல்லை. எனக்கு அவர் மேல் இருக்கிற கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அந்த இரண்டு முதுகையும் பின்னாலிருந்து பார்க்கும்போது அழுகை வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முந்தாநாள் சின்னவனிடம், அக்காவுக்கு எழுதப் போறேன், வேண்டாம்னு அழுத்தச் சொல்றேன், உனக்கு சீட் வந்துடும் என்று சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். அப்புறம், அழுத்துறதுக்கு முன்னாடி அவளுக்கு வர்ற மாதிரி ஏதாவது எண்ணம் இருக்கான்னு கேளு, இருந்தா சீட்ட அவளே வச்சுக்கட்டும், நான் கிடங்குக்குப் போறேன், எனக்கு ஒண்ணுமில்ல என்றான். பைத்தியக்காரன், இருபத்தொன்பது வயதில் நல்ல வேலையை விட்டுவிட்டு நீ முதலாம் ஆண்டில் வந்து உட்காருவாயா என்று திட்டினேன். திட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அவன் கேட்டதை நானும் மூன்று வருடமாகக் கேட்க நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை. அடுத்த லீவுக்கு வர்றேன் என்பாய், நானும் சரி என்பேன். அதற்கு மேல் நீ எதுவும் சொல்வதில்லை, அதை நாங்களும் நீ வருவதாகவே கணக்கில் எழுதிக்கொள்கிறோம். உன் அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

சரி, போதும். தலை ஈரத்தோடு தூங்காதே. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னாயே, மாற்றினாயா? கடிதம் கொண்டு வரும் அந்த மருமகளிடம் உனக்கு இரண்டு உள்பாவாடையும் ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்திருக்கிறேன். அவள் களைத்து வருவாள், வாசலில் நிற்க வைத்தே அனுப்பிவிடாமல் உட்கார வைத்து ஏதாவது சாப்பிடக் கொடு. நீ எந்தக் குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடு, நினைத்தது நடந்து, நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை.

மறந்துவிடாதே, வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. குப்பையைக் கிளறி அந்த மெயிலைத் திற, அதில் இருக்கும் எண்ணைப் போடு, வேண்டாம் என்று அழுத்து. அழுத்திவிட்டு சின்னவனுக்கு நீயே போன் செய்து சொல், எனக்குச் சொல்ல வேண்டாம், அவனுக்குச் சொல். அவன், எப்ப வர்ற என்று கேட்பான். மீட்டிங் என்று மட்டும் சொல்லிவிடாதே. வர முடியாது என்றால் முடியாது என்றே சொல், அவன் தாங்கிக்கொள்வான், தன் சாமான்களைத் திரும்ப உன் அறையில் கொண்டு போய் வைப்பான். நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதால்தான் அவை இன்னும் கூடத்தில் கிடக்கின்றன.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா